'புதுப்பிக்கப்பட்டது' என்னும் சொல்லை நம்பி

பழைய ஃபோக்ஸ்வாகன் டி3 கேம்பர் வேனை வாங்கச் செல்வோர் முதலில் பார்ப்பது உயர்த்தக்கூடிய கூரையை; அடுத்து அடுப்பை, மடிப்புப் படுக்கையை, திரைச்சீலையை. ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் செய்த உள்ளமைப்பு அத்தகைய கவர்ச்சி உடையதுதான். ஆயினும் இவ்வரிசை தலைகீழானது. திரைச்சீலையை ஒரே நாளில் மாற்றிவிடலாம். எஞ்சின் பழுது வாங்கியவரின் சேமிப்பையே கரைத்துவிடும்.

1979இல் வெளிவந்த டி3 தொடக்கத்தில் காற்றால் குளிர்விக்கப்பட்டது. 1980களின் முற்பகுதியில் 1.9 லிட்டர் நீர்க்குளிர்விப்பு எஞ்சின் வந்தது, பின்னர் 2.1 லிட்டர். எஞ்சின் பின்புறம், ரேடியேட்டர் முன்புறம். இரண்டையும் இணைக்கும் குழாய்கள் வேனின் அடிப்பகுதி நெடுகச் செல்கின்றன. குழாய்களில் காற்று சிக்கினால் அதை வெளியேற்றுவது எளிதன்று.

உண்மையான பலவீனம் வேறிடத்தில் உள்ளது. சிலிண்டரைச் சுற்றியுள்ள நீரறையை சிலிண்டர் ஹெட்டோடு சேர்த்து அடைப்பது ஒரு ரப்பர் வளையம். கூலன்ட்டை உரிய காலத்தில் மாற்றாமல் விட்டால் அதன் அரிப்புத் தடுப்பு ஆற்றல் குன்றும், வளையம் அமரும் அலுமினியப் பரப்பில் குழிகள் விழும், கசிவு தொடங்கும். ஆகவே வாங்குபவர் டார்ச்சுடன் தரையில் படுத்து, ஹெட்டும் எஞ்சின் உடலும் சந்திக்கும் கோட்டைப் பார்க்க வேண்டும். ஈரமோ, உலர்ந்து படிந்த கறையோ தென்பட்டால் அதுவே விடை. கூலன்ட் பழுப்பு நிறச் சேறாக இருந்தால், பராமரிப்பு நெடுநாள் கைவிடப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு. கசிவை மறைக்கும் மருந்து ஊற்றப்பட்டிருக்கலாம் என்ற ஐயமும் எழ வேண்டும்.

உடற்பகுதித் தகடுகளின் இணைப்புகளில் துரு இருக்கிறதா என்பதும், எஞ்சின் அறையின் எரிபொருள் ரப்பர் குழாய்களில் வெடிப்பு உள்ளதா என்பதும் அடுத்தவை. பின்னதைப் புறக்கணித்தால் வண்டி தீப்பிடிக்கலாம்.

விளம்பரங்களில் 'புதுப்பிக்கப்பட்டது' என்னும் சொல் பல வேளைகளில் புதுச்சாயத்தையே குறிக்கிறது. செய்தவர் யார், செய்தது என்ன என்பதை அச்செயப்பாட்டு வினை வசதியாக விழுங்கிவிடுகிறது. அவ்விரண்டையும் சொல்பவை பணிமனை ரசீதுகள். ஹெட் மாற்றியதற்கும் கூலன்ட் மாற்றியதற்கும் தேதியிட்ட ரசீது உள்ள மங்கிய வேன், ரசீதே இல்லாத பளபளப்பான வேனைவிட மேல்.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில்தான் இயக்கிப் பார்க்க வேண்டும். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால், மறுநாள் காலை வருவதாகச் சொல்லித் திரும்பிவிடலாம்.