இரைச்சல் என்று யார் சொல்வது?

நமது இலக்கியக் கூட்டங்களில் இசை பற்றிப் பேச்சு எழுந்தால் அது கஸலில் தொடங்கி கவ்வாலியில் முடிந்துவிடும். இடையில் யாராவது நாகூர் ஹனிபாவை நினைவுகூர்வார்கள். மூன்றுமே நமக்கு வேண்டியவைதான். ஆனால் ஹெவி மெட்டல் என்ற சொல்லை உச்சரித்துப் பாருங்கள். "அது பேய்க்கூச்சல்", "மேற்கின் கழிவு", "மார்க்கத்துக்கு விரோதம்" என்று மூன்று தீர்ப்புகள் மூன்று திசைகளிலிருந்து வந்து விழும். தீர்ப்புச் சொன்னவர்களில் ஓர் இறுவட்டையாவது முழுதாகக் கேட்டவர் எவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை. கேளாத இசைக்கு விமர்சனம் சொல்லும் இந்த வழக்கத்துக்கு எதிராகவே இதை எழுதுகிறேன்.

முதலில் 'மேற்கின் கழிவு' என்ற வாதம். 1965இல் பர்மிங்ஹாம் நகரத்துத் தொழிற்சாலை ஒன்றில் உலோகத் தகடு அழுத்தும் இயந்திரம் பதினேழு வயதுப் பையன் ஒருவனின் இரண்டு விரல் நுனிகளை வெட்டிப் போட்டது. அவன் பெயர் டொனி அயோமி. பிளாஸ்டிக் போத்தலை உருக்கி விரல்களுக்குத் தொப்பி செய்துகொண்டான். பின்னர், காயப்பட்ட விரல்களுக்கு வலிக்காதிருக்கக் கிற்றாரின் நரம்புகளைத் தளர்த்தினான். தளர்ந்த நரம்பிலிருந்து கனத்த, தாழ்ந்த ஒலி வந்தது. 1970 பெப்ரவரி 13இல் வெளியான 'பிளாக் சபாத்' குழுவின் முதல் அல்பம் பெரும்பாலும் ஒரே நாளில் பதிவு செய்யப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்கு இலக்கான நகரம் அது. பாடியவர்கள் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். கூலிக்காரனின் காயத்திலிருந்து பிறந்த ஒலியை மேட்டிமையின் கழிவு என்று சொல்ல நமக்கு எப்படி வாய் வருகிறது?

இனி 'பேய்க்கூச்சல்'. மண்டையோடும் இரத்தமும் அருவருப்பு என்கிற நண்பர்களே, பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஜெயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்திலே கூழ் அடுகின்றன. அதை நாம் பல்கலைக்கழகத்தில் பாடமாக வைத்திருக்கிறோம். நமது முன்னோர் தமிழுக்குத் தந்த வகைமைகளில் ஒன்றே படைப்போர். அங்கே தலைகள் உருளாத பக்கங்கள் எத்தனை? றிபாயி றாத்திபில் தப்ஸ் முழங்க, கூரிய இரும்பை உடம்பில் ஏற்றிக்கொள்ளும் பக்கீர்மாரை இந்த நாட்டு முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து வந்திருக்கிறார்கள். அதை ஏற்பவரும் உண்டு, மறுப்பவரும் உண்டு. ஆனால் அது நமக்கு அந்நியம் என்று எவரும் சொல்ல முடியாது. அச்சில் வந்த பேய் இலக்கியம், கிற்றாரில் வந்த பேய் மட்டும் கூச்சலா?

இந்த வாதங்களை நான் கொழும்பிலிருந்து சொல்லவில்லை. என் தாய்வழி நயினாதீவு. யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் வளர்ந்து, 1990 ஒக்டோபர் 30இல் இரண்டு மணித்தியால அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டவர்களில் நானும் ஒருவன். புத்தளத்தில் தலைமுறை ஒன்று வளர்ந்துவிட்டது. இப்போதும் குறிகட்டுவானில் படகேறி நயினாதீவுக்குப் போய்வருகிறேன். தீவகம் அமைதியான இடம் என்று சுற்றுலாக்காரர்கள் எழுதுகிறார்கள். நெடுந்தீவின் குதிரைகளையும் பவளக்கல் வேலிகளையும் படம் பிடிக்கிறார்கள். அந்தக் கடலில்தான் 1985 மே 15இல் குமுதினிப் படகில் குழந்தைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டார்கள். 2006 மே 13இல் அல்லைப்பிட்டியிலும் அயல் கிராமங்களிலும் ஒரே இரவில் பதின்மூன்று பேர். அந்த ஆண்டு ஓகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டு, குடாநாடும் தீவுகளும் தரைவழியில் துண்டிக்கப்பட்டன. தீவகத்தின் அமைதி, பேசவிடாமல் செய்யப்பட்டவர்களின் அமைதி.

அதே 2006இல் கொழும்பின் 'ஸ்டிக்மாட்டா' குழு தனது இரண்டாவது அல்பமான 'சைலண்ட் கேயொஸ் சர்ப்பென்டைன்' என்பதை வெளியிட்டது. 2003இல் 'ஹொலோ ட்ரீம்ஸ்' மூலம் அறிமுகமான குழு இது. காயத்தழும்பு என்று பொருள்படும் பெயர். தலைப்பில் உள்ள 'மௌனமான குழப்பம்' என்ற சொற்கள் அந்த ஆண்டின் தீவகத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தும். அவர்கள் அல்லைப்பிட்டியை நினைத்து அதை வைத்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. பிரதியை எழுதுபவன் ஓரிடத்தில் இருக்கிறான், வாசிப்பவன் வேறிடத்தில் இருக்கிறான் என்பதை நமது விமர்சகர்களே நமக்குக் கற்றுத் தந்தார்கள். ஊர்காவற்றுறையில் மீன்பிடிக் குடும்பத்துத் தம்பி ஒருவன் என்னிடம் சொன்னான்: "நானா, என்ன பாடுறாங்கள் எண்டு எனக்கு முழுக்க விளங்காது. ஆனா செல் விழுந்த ராத்திரியைப் பற்றி அம்மா சொன்னதுக்கு இதுதான் சரியான சத்தம்." இந்த ஒரு வாக்கியத்தைவிடச் சிறந்த இசை விமர்சனத்தை நமது சிற்றிதழ்கள் எதிலும் நான் வாசித்ததில்லை.

அடுத்து வருவதுதான் முக்கியமானது. ஸ்டிக்மாட்டாவின் மூன்றாவது அல்பம் 2010இல் வந்தது: 'சாம்ஸ் ஒஃப் கொன்ஷியஸ் மார்ட்டர்டம்'. உயிர்த்தியாகத்தின் சங்கீதங்கள் என்று கொள்ளலாம். யுத்தம் முடிந்து ஓராண்டு. வடக்கில் துயிலுமில்லங்கள் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்ட காலம். உயிர்த்தியாகம் என்ற சொல்லைத் தமிழில் உரத்துச் சொன்னால் வாசலில் யார் வந்து நிற்பார் என்று ஒவ்வொரு வீடும் அறிந்திருந்த காலம். அந்தச் சொல்லை ஆங்கிலத்தில் அட்டையிலேயே அச்சிட முடிந்தது. அக்குழுவை நான் குற்றம் சொல்லவில்லை. கலைஞனுக்கு அந்தச் சுதந்திரம் வேண்டும். அது ஏன் எங்களுக்கு இல்லை என்பதே என் கேள்வி.

மன்னாரைச் சேர்ந்த நமது இளங்கவிஞர் அஹ்னாப் ஜஸீமை எண்ணிப் பாருங்கள். 2017இல் 'நவரசம்' என்ற கவிதைத் தொகுப்பை வெளியிட்டார். அதில் தீவிரவாதத்தைக் கண்டிக்கும் கவிதைகளும் இருந்தன. 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். பத்தொன்பது மாதங்கள் சிறை. 2021 டிசம்பரில் பிணை, 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றத்தில் விடுதலை. சிங்களத்தில் எழுதினால் தப்பலாம் என்றும் இல்லை: சக்திக சத்குமார ஒரு சிறுகதைக்காக 2019இல் நான்கு மாதங்கள் சிறையிருந்தார். ஆனால் தமிழில் எழுதும் முஸ்லிமின் சொல்மீது விழும் சந்தேகத்துக்கு வேறொரு கனம் இருக்கிறது.

நவரசத்தைக் குற்றப்பத்திரிகையாக்கியவர்கள் செய்தது என்ன? கவிதையை வாசிக்கவில்லை, அதிலிருந்த சொற்களைப் பொறுக்கினார்கள். ஆயுதம் என்று இருந்தால் ஆயுதம், மரணம் என்று இருந்தால் மரணம். பேசுபவன் யார், எந்தத் தொனியில் பேசுகிறான், எதைக் கண்டிக்கப் பேசுகிறான் என்ற கேள்விகளே எழவில்லை. நண்பர்களே, கறுப்புச் சட்டையையும் மண்டையோட்டையும் அலறலையும் மாத்திரம் பொறுக்கி ஓர் இசை வடிவத்தைத் தள்ளிவைக்கும்போது நாம் செய்வதும் அதே வாசிப்புத்தான். அவர்களிடம் சிறைக்கூடம் இருக்கிறது, நம்மிடம் இல்லை என்பதே வித்தியாசம்.

மறுதரப்பில் நியாயமே இல்லை என்பதல்ல. 1992இல் நோர்வேயில் பிளாக் மெட்டல் வட்டத்தைச் சேர்ந்தவர்கள் தேவாலயங்களை எரித்தார்கள். நூலகம் எரிந்த மண்ணில் வளர்ந்தவர்களுக்கு எரிப்பவர்களை மன்னிக்கும் கடமை இல்லை. மதநிந்தனையை விளம்பரமாக விற்கும் குழுக்களும் உண்டு. அவர்களைப் பெயர் சொல்லிக் கண்டியுங்கள், கேட்டுவிட்டுக் கண்டியுங்கள். ஆனால் 2003இல் மொரோக்கோவில் மெட்டல் இளைஞர் பதினான்கு பேரை நீதிமன்றில் நிறுத்தியதும், 2006இல் மலேசியாவின் தேசிய பத்வா கவுன்சில் பிளாக் மெட்டலைத் தடுத்ததும் எந்தப் பிள்ளையை நல்வழிப்படுத்தின? இந்தோனேசியாவின் காருட் மாவட்டத்தில் ஹிஜாப் அணிந்த மூன்று பெண்பிள்ளைகள் 2014இல் 'வொய்ஸ் ஒஃப் பாசப்ரொட்' என்ற குழுவைத் தொடங்கினார்கள். 2023இல் 'ரெடாஸ்' என்ற அல்பத்தைத் தந்தார்கள். அவர்களின் ஈமானை அளக்க நமக்கு எவரும் தராசு தரவில்லை. அவர்களின் இசையை அளக்கும் காதாவது நம்மிடம் இருக்கட்டும்.

இரைச்சல் என்பது ஒலியின் அளவைக் குறிக்கும் சொல்லன்று. யாருடைய ஒலி அனுமதிக்கப்பட்டது என்பதைக் குறிக்கும் சொல். திருவிழாவின் ஒலிபெருக்கி இரைச்சல் அல்ல, தேர்தல் மேடை இரைச்சல் அல்ல, முப்பது ஆண்டுகள் வெடித்த செல்லைக்கூட நாம் இரைச்சல் என்று எழுதியதில்லை. ஊர்காவற்றுறைத் தம்பி அறைக்குள் கிற்றாரைத் தூக்கினால் மட்டும் அச்சொல் நமக்கு உடனே நினைவுக்கு வருகிறது.

என் கோரிக்கை சிறியது. நமது இதழ்கள் நூல் மதிப்புரைக்கு ஒதுக்கும் பக்கங்களில் ஒன்றை இசைத்தட்டுக்கு ஒதுக்கட்டும். ஸ்டிக்மாட்டாவில் தொடங்கலாம். பிடிக்கவில்லை என்றால் ஏன் பிடிக்கவில்லை என்று நான்கு பக்கம் எழுதுங்கள். நானே முதல் வாசகனாக இருப்பேன். தீவகத்திலிருந்தோ புத்தளத்து முகாம்களில் பிறந்த தலைமுறையிலிருந்தோ நாளை தமிழில் ஒரு மெட்டல் அல்பம் வந்தால், பொலிஸார் அதைக் கேட்பதற்கு முன் நாம் கேட்டிருக்க வேண்டும். பிடியாணை வந்தபின் எழுதப்படும் கண்டன அறிக்கைக்கு அப்போதுதான் ஏதாவது மதிப்பு இருக்கும்.