காப்பியடிக்கச் சொன்னது யார்?

விக்கிப்பீடியாவில் எழுத வருகிற கல்லூரிப் பிள்ளைகள் திருடுகிறார்கள் என்று புகார். புகார் பொய்யில்லை. 2011இல் புனே கல்லூரிகளில் பாடத்தின் பகுதியாக நூற்றுக்கணக்கான மாணவர்களை ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுத வைத்தார்கள். புத்தகத்திலிருந்தும் இணையத்திலிருந்தும் அப்படியே எடுத்துப் போட்ட பத்திகள் குவிந்தன. சம்பளமில்லாமல் அங்கே உழைக்கிற தன்னார்வலர்கள் அள்ளிக் கொட்டியே ஓய்ந்துபோனார்கள். அந்த வருஷ நவம்பரில் திட்டத்தை மூடினார்கள்.

மாணவனைத் திருடன் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். நோட்ஸில் இருப்பதை ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்தவனுக்கு மார்க் போட்ட பள்ளிக்கூடம் எது? சொந்தமாக எழுதியவன் பேப்பரில் சிவப்பு மையால் கோடு கிழித்தது யார்? அதுவும் நம்ம தெருப் பிள்ளை என்றால், அவன் வாயில் வருகிற தமிழே கொச்சை என்று சொல்லிச் சொல்லி வளர்த்தாச்சு. வீட்டில் முதன்முதலாகக் காலேஜுக்குப் போன பிள்ளை, அச்சில் வந்த வரி தன் வரியைவிட ஒசத்தி என்று நம்பித்தான் அதைத் தூக்கிப் போடுகிறது.

இதைச் சொல்லி மற்றதை மறைக்கவும் கூடாது. அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். ஞான. அலாய்சியஸ் தொகுத்து 1999இல் வெளிவந்த பிறகுதான் அந்த எழுத்து பரவலாக நம் கைக்குக் கிடைத்தது. எழுதியவர் பெயரையும் தேடித் திரட்டியவர் பெயரையும் விட்டுவிட்டு அந்தப் பத்திகளை என் பத்தியாகப் போட்டால், உழுதவன் ஒருத்தன், அறுத்துக்கிட்டுப் போறவன் இன்னொருத்தன் என்கிற அதே பழைய கணக்குத்தான்.

நான் வங்கியில் வவுச்சர் பார்க்கிறவன். வவுச்சர் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கணக்கில் ஏறாது. விக்கியில் சான்று கேட்பதும் அப்படித்தான். ஆனால் கீழே சான்று போட்டுவிட்டால் மேலே வரிக்கு வரி எடுத்துக்கொள்ளலாம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். 'பிறந்தார்' என்பதை 'அவதரித்தார்' என்று மாற்றினாலும் காப்பி காப்பிதான். (அவதாரம் வேறு நமக்கு எதுக்கு!) ஆங்கில விக்கிக் கட்டுரையை மொழிபெயர்க்க அனுமதி உண்டு, தொகுப்புச் சுருக்கத்தில் மூலக் கட்டுரையின் இணைப்பைக் கொடுக்கணும். செய்தித்தாளுக்கு அந்த அனுமதி கிடையாது, மெஷினில் போட்டுத் தமிழாக்கினாலும் சரி. அம்பேத்கர் தன் காலத்தில் வெளியிட்ட நூல்களுக்கு இந்தியாவில் பதிப்புரிமை 2016 கடைசியோடு முடிந்தது. யாரும் அச்சடிக்கலாம். அதற்காக அவர் வரி என் வரி ஆகிவிடுமா?

எச்சரிக்கை நோட்டீஸ் ஒட்டுகிற ஆசிரியர்கள் இதைச் செய்து பார்க்கலாம். இரண்டு மூன்று நூல்களைப் படிக்கச் சொல்லி, மூடி வைக்கச் சொல்லுங்கள். "என்னம்மா படிச்ச, உங்கம்மாவுக்குச் சொல்ற மாதிரி சொல்லு" என்று கேளுங்கள். அவள் வாயில் வந்ததையே எழுதட்டும். பெயரும் வருஷமும் சரியா என்று அப்புறம் நூலைத் திறந்து பார்க்கட்டும். பேச்சை விக்கி நடைக்கு மாற்றுவது அரைமணி வேலை. அங்கே சொந்தக் கருத்துக்கு இடமில்லை, சொந்த வாக்கியத்துக்குத்தான் இடம். கவிதை எழுதுகிற எனக்கு இது கொஞ்சம் உறுத்தல்தான், இருக்கட்டும். நாற்பது பேரை ஒரே நாளில் இறக்கிவிடாமல், ஐந்து ஐந்து பேராக, முதலில் மணல்தொட்டியில் ஆளுக்கு மூன்று பத்தி. எழுதியதையும் நூலையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து வாசிக்க ஆசிரியருக்குப் பத்து நிமிஷம் ஆகும். அந்தப் பத்து நிமிஷம் தராத காலேஜ், மார்க்குக்காகப் பிள்ளைகளை விக்கிக்கு அனுப்பவே வேண்டாம்.