அடுப்பங்கரையில் தொடங்கும் படிப்பு

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுத்தான்: டாக்டரா, கம்ப்யூட்டரா? 'உலோகவியல், மெட்டீரியல்ஸ் என்ஜினீயரிங்' என்று ஒரு பெண் வாயைத் திறந்தால் போதும், "இரும்புப் பட்டறையிலே பொம்பளைப் பிள்ளைக்கு என்னடி வேலை?" என்று பெரியவர்கள் அடக்கிவிடுகிறார்கள். என் மகளுக்கும் இதே அர்ச்சனைதான். அதையும் மீறிச் சேர்ந்து, இப்போது இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அவள் சொல்லக் கேட்டால், பாதி நம் அடுப்பங்கரை சமாசாரம்!

எவர்சில்வர் ஏன் துருப்பிடிப்பதில்லை? இரும்போடு குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் சேர்க்கிறார்கள். அது காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத படலமாக மூடிக்கொள்கிறது. கீறல் விழுந்தாலும் தானே மறுபடி உண்டாகிவிடும். ஆனால் உப்பு அதை அரிக்கும். ஆகவே, தண்ணீர் கொதித்த பிறகு உப்பைப் போட்டுக் கலக்கிவிடுங்கள்; அடியில் புள்ளி புள்ளியாய்க் குழி விழாது.

வார்ப்பிரும்பு தோசைக்கல் கை நழுவினால் உடைகிறது. இரும்புக் கரண்டி வளைகிறதே தவிர உடைவதில்லை. வார்ப்பிரும்பில் கரி அதிகம் என்பதுதான் காரணம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறோமே, புளி பட்டுச் செம்பு கரையாமலிருக்கத்தான்.

இந்த 'ஏன்'களைத்தான் நாலு வருஷம் படிக்கிறார்கள். முதல் வருஷம் கணக்கு, பௌதிகம், ரசாயனம். பிறகு உலோகத் துண்டை உப்புத்தாளில் தேய்த்து, கண்ணாடி போல் பளபளப்பாக்கி, அமிலத்தில் சில விநாடி காட்டி, மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். உள்ளே மணி மணியாகத் தெரியுமாம்! உலை வேலையும் உண்டு. பலத்தைவிடப் பொறுமைதான் முக்கியம் என்கிறாள்.

படித்தால் இரும்பாலை மட்டுமல்ல. விமானம், பேட்டரி, சிலிக்கான் சில்லு என்று துறைகள் பல. முழங்காலில் வைக்கும் செயற்கை மூட்டுகூட கோபால்ட்-குரோமியக் கலவையும் ஒருவகை பிளாஸ்டிக்கும்தான்.

கோவை பி.எஸ்.ஜி., சேலம் அரசு பொறியியல் கல்லூரி ஆகியவற்றில் பிளஸ் டூ மார்க்கை வைத்துக் கவுன்சலிங். திருச்சி என்.ஐ.டி.க்கு ஜே.இ.இ. மெயின், சென்னை ஐ.ஐ.டி.க்கு அட்வான்ஸ்டும் எழுதவேண்டும். இவ்விரு வகைக் கல்லூரிகளிலும் பெண்களுக்கென்று கூடுதல் இடங்கள் 2018-இல் தொடங்கப்பட்டன.

சேர்க்குமுன் கல்லூரியிலேயே விசாரியுங்கள்: எந்தெந்தக் கம்பெனி வருகிறது, பெண்களை எடுக்கிறார்களா, ராத்திரி ஷிப்ட் உண்டா? பதில் திருப்தியாக இருந்து, பெண்ணுக்கும் ஆசை இருந்தால், 'பட்டறை' என்ற ஒரு சொல்லுக்காகக் கதவைச் சாத்திவிடாதீர்கள், சகோதரிகளே!