அரிசி மா டின்னுக்குள் கிடந்த சீட்டு



நல்லதண்ணியில் ஜூன் மாதம் பிறந்துவிட்டால் துணி காயாது. தென்மேற்குப் பருவமழை பாவா ஆதம் மலையில் வந்து முட்டி, அப்படியே நம் கூரைகளின் மேல் இறங்கிவிடும். இன்று துவைத்த பாடசாலைச் சீருடை மறுநாள் காலையிலும் ஈரமாகவே கொடியில் தொங்கும். அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயப்போட்டால் துணியெல்லாம் புகை நாற்றம். விறகும் நனைந்து கிடக்கும். மலைநாட்டுச் சகோதரிகளுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் எனக்கே இது நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் தெரிந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

2024 ஜூன் கடைசியில் பிள்ளைகளின் உம்மா காய்ச்சலில் விழுந்தார். பன்னிரண்டு நாட்கள் எழும்பவில்லை. விடியற்காலையில் ரொட்டி சுட்டு, சம்பல் இடித்து, மூன்று பிள்ளைகளையும் பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டு நானும் பாடசாலைக்கு ஓட வேண்டும். மூன்றாம் நாளே எனக்கு மூச்சு வாங்கியது. திரிகை சுற்றிச் சுற்றிக் கை காய்த்துப்போன அன்னை பாத்திமா (ரலி) அவர்கள், தம் தந்தையாரிடம் ஓர் உதவியாளைக் கேட்டுப் போன ஹதீஸை எத்தனையோ முறை பாடமாக நடத்தியிருக்கிறேன். தூங்கப்போகும்போது ஓதும்படி நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்த தஸ்பீஹை மாணவர்களுக்கு மனனம் செய்வித்திருக்கிறேன். அந்தக் கை காய்த்துப்போன இடத்தை மட்டும் வேகமாகக் கடந்துவிடுவேன். இனி அப்படி நடத்த முடியாது.

நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில், சமைப்பதும் துவைப்பதும் மனைவி மீது கடமையல்ல என்று கிதாபுகளில் தெளிவாக எழுதியிருக்கிறது. இதைச் சொன்னால் சில ஆண்கள் முகத்தைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். நானும் அதை ஓதிக்கொடுத்தவன்தான், ஆனால் ஒரு நாளும் ஒரு கோப்பையைக் கழுவியதில்லை.

சொல்ல வந்தது இதுவல்ல. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, பிட்டு அவிக்க அரிசி மா டின்னைத் திறந்தேன். மாவுக்குள் ஒரு பொலித்தீன் பை தட்டுப்பட்டது. உள்ளே ஓர் அடகுச் சீட்டு. கலியாணத்தில் அவருடைய வாப்பா போட்ட வளையல்களில் ஒன்று வட்டிக்குப் போயிருந்தது. பெறுமதி 15,000 ரூபாய். வட்டியின் பாவத்தைப் பற்றி ஜும்ஆவில் குரலை உயர்த்திப் பேசும் மனிதனின் குசினியில், அவன் கைபடாத டின்னுக்குள் அது பத்திரமாக இருந்தது. யார் பார்க்கப் போகிறார்கள் என்று அவர் நினைத்தது சரிதான்.

முதலில் கோபம்தான் வந்தது. காய்ச்சலோடு கிடப்பவரை எழுப்பிக் கேட்கும் அளவுக்கு வந்தது. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "சீட்டை விட்டுவிடக் கூடாதே என்றுதான்."

எங்கள் பகுதியில் பத்துப் பங்கு கொண்ட சீட்டு ஒன்றை அவர்தான் பிடித்துவந்தார். மாதம் 5,000 வீதம் பத்து மாதம், ஒவ்வொரு மாதமும் ஒருவருக்கு 50,000. முழுப் பங்கு கட்ட முடியாதவர்கள் இருவராகச் சேர்ந்து அரைச்சீட்டுப் போடுவார்கள். கடைக்காரர்களின் மனைவிமார், ஓர் ஆசிரியை, தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் இரண்டு தமிழ்ச் சகோதரிகள் என்று எல்லோரும் இருந்தார்கள். ஒருவர் குசினியில் ஒருவர் தேநீர் குடித்து, ஒருவர் பிள்ளையை ஒருவர் பார்த்துப் பழகியவர்கள். எழுத்து ஒன்றும் கிடையாது. "நமக்குள்ளே எதற்கு?" என்பதுதான் பேச்சு.

நல்லதண்ணியை அறியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஊரின் கடைகள் வாழ்வது சீசனில்தான். டிசம்பர் பொயாவில் மலை ஏறத் தொடங்கும் சனம் மே மாத வெசாக்கோடு நின்றுவிடும். கம்பளித் தொப்பி, டோர்ச், மஸ்கட், தேநீர் என்று இரவெல்லாம் விற்கும் கடைகளில் பாதி, ஜூனில் பலகை அடைத்துக் கிடக்கும். 1344 ஆம் ஆண்டில் இப்னு பதூதா இம்மலைக்கு வந்துபோன காலத்திலிருந்தே வழிப்போக்கரை நம்பிய இடம் இது. ஐந்தரை மாத உழைப்பில் பன்னிரண்டு மாதம் சாப்பிட வேண்டும். ஆனால் சீட்டு மட்டும் மாதாமாதம் ஒரே அளவாக வரும்!

ஜூன் மாதம் கடைக்கார வீடுகள் மூன்று கட்டவில்லை. அவற்றில் ஒன்று, என் வீட்டார் கூடப்பிறந்த ராத்தாவைப்போல் நினைக்கும் ஒருவருடையது. அவர்தான் சரக்குப் போடுவதற்காக ஜனவரியில் முதல் சீட்டை எடுத்தவர். மூன்று 5,000 ரூபாய் குறைந்தது. அதைத்தான் வளையல் ஈடுசெய்திருக்கிறது. ஜூலையிலும் அதே மூவர் கட்டவில்லை. இம்முறை அடகு வைக்க மனம் துணியவில்லை. அம்மாதச் சீட்டு அந்தத் தோட்டத்துச் சகோதரிகள் இருவருக்கும் உரியது. ஆளுக்கு 25,000 வர வேண்டிய இடத்தில் 17,500 கிடைத்தது.

7,500 ரூபாய் ஒரு தொகையா என்று கொழும்பில் இருப்பவர்கள் கேட்கலாம். 2021 மார்ச்சில் நிர்ணயித்த நாள் சம்பளமாகிய 1,000 ரூபாயைத்தான் அவர்கள் அப்போது வாங்கிக்கொண்டிருந்தார்கள். 2024 செப்டம்பரில்தான் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆனது. நிறை குறைந்தால் அரைப்பேர். ஆக, அட்டை கடித்த காலோடு மழையில் நின்று உழைத்த ஏழரை நாள் அது. இருவரில் ஒருவர் மகளின் பிரசவத்துக்கென்று அந்தக் காசை எண்ணி வைத்திருந்தார். குறைந்ததற்கு அவர் வாரக்கடன் எடுத்தார்.

வாரக்கடன் என்றால் உங்களில் பலருக்குத் தெரியும். பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கு ஒருவர் பிணை நிற்க வேண்டும். குறித்த கிழமையில் அறவிட ஆள் வருவார். ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர் தலையில் விழும். நட்பையே அடகாக வாங்கும் கடன் என்பேன் நான். 2016 இல் நுண்நிதிக்கென்று தனிச் சட்டமே வந்தது. 2018 இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு இலட்சம் ரூபாய் வரையான கடன்களை அரசாங்கம் பொறுப்பேற்றது. ஆண்டு வட்டிக்கு 35 சதவீதம் என்று எல்லையும் வைத்தது. அந்தப் பன்னிரண்டில் நுவரெலியா இல்லை. கட்டுப்படுத்திய பிறகே 35 என்றால், அதற்கு முன்பு எவ்வளவு என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சகோதரி எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். ஒரு கலியாண வீட்டில் ராத்தாவும் அவரும் ஒரே வாங்கில் அமர்ந்து ஒரு வார்த்தை பேசவில்லையாம்.

ராத்தா ஏமாற்றுக்காரி அல்ல. அவருடைய கணவர் சீசன் சல்லி முழுவதையும் மொத்தக் கடைக்காரரின் பழைய கணக்குக்குக் கட்டியிருக்கிறார். வீட்டுக்கு என்ன மிச்சம் என்று மனைவியிடம் சொல்லவில்லை. சீட்டு இருப்பதை மனைவியும் அவரிடம் சொல்லவில்லை. கணவர் போதிய செலவு தருவதில்லை என்று ஹிந்த் (ரலி) அவர்கள் நாயகத்திடம் நேரிலேயே முறையிட்டார்கள். தனக்கும் பிள்ளைகளுக்கும் நியாயமாகப் போதுமானதை எடுத்துக்கொள்ள அவர்களுக்கு அனுமதி கிடைத்தது. எடுத்த உரிமையைவிட, அன்று அந்தப் பெண்மணி வெளிப்படையாகப் பேசியதுதான் எனக்கு இப்போது பெரிதாகப் படுகிறது. நம் வீடுகளில் எல்லாம் மா டின்னுக்குள் இருக்கிறது. நான் என் சம்பளம் எவ்வளவு என்று ஒழுங்காக வீட்டில் சொன்னதுண்டா? இல்லை.

"மௌலவி, சீட்டே ஹராமா?" என்று அப்போது சிலர் கேட்டார்கள். ஏலம் கூறித் தள்ளிக் கொடுக்கும் சீட்டு வேறு, அதில் வட்டியின் வாடை உண்டு. கட்டியதையே முறைவைத்து எடுக்கும் சீட்டு கைமாற்றுக் கடன். நம் மத்ஹபின் அறிஞர் கல்யூபி அவர்கள், பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர், பெண்களிடையே நடக்கும் இதே வழக்கத்தைத் தம் கிதாபில் குறிப்பிட்டு, அது ஆகும் என்கிறார். தமக்கு முந்திய வலியுத்தீன் இராக்கீ அவர்களின் கூற்றையே அதற்கு ஆதாரமாகவும் காட்டுகிறார். மத்ரஸாவில் ஓதிய நாளில் அந்த வரியைக் கடந்துபோனது நினைவிருக்கிறது. நல்லதண்ணிக் குசினியில் அது தேவைப்படும் என்று அன்று யார் கண்டார்!

ஆனால் கடன் என்றால் எழுத வேண்டும். குர்ஆனிலேயே மிக நீளமான ஆயத்து தொழுகையைப் பற்றியதல்ல. பகரா சூராவின் 282 ஆம் ஆயத்து, கடனை எழுதுவதையும் சாட்சி வைப்பதையும் பற்றியது. "நமக்குள்ளே எதற்கு?" என்ற பேச்சுக்கு இதைவிட விரிவான பதில் எனக்குத் தெரியாது.

செப்டம்பரில் நான் வளையலை மீட்டேன். மூன்று வீடுகளும் டிசம்பருக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டித் தீர்த்தன. 7,500 ரூபாயை ராத்தாவே கொண்டுபோய் லயத்தில் கொடுத்தார். வாரக்கடனின் வட்டியை யார் கொடுப்பது என்பதில் மட்டும் இன்னும் ஒரு கசப்பு இருக்கிறது. அதை நான் மறைக்கவில்லை.

2025 ஜனவரியில் புதுச் சீட்டுத் தொடங்கியபோது 80 பக்கக் கொப்பி ஒன்று வந்தது. ஆளுக்கு ஒரு பக்கம், இரண்டு சாட்சி, கணவருக்குத் தெரியும் என்பதற்கு ஓர் ஒப்பம். கடைக்கார வீடுகள் ஜனவரி முதல் மே வரை 10,000 வீதம் கட்டுவார்கள். அதில் பாதி அமானத்தாகத் தனி உறையில் இருக்கும். ஜூன் முதல் ஒக்டோபர் வரை அவர்கள் கையிலிருந்து ஒன்றும் தர வேண்டாம், உறையிலிருந்து போகும். சம்பளக்காரர் எப்போதும் போல் மாதம் 5,000, அரைச்சீட்டுக்காரர் 2,500. இந்த யோசனை என்னுடையதல்ல. பிள்ளைகளின் உம்மா காய்ச்சலில் கிடந்தபோது போட்ட கணக்கு.

அந்தத் தோட்டத்துச் சகோதரி முதல் மாதம் சேரவில்லை. பிப்ரவரியில் சம்பளத்தன்று மாலை, தலையில் சாக்குப் போட்டபடி வாசலில் வந்து நின்றார். இரண்டு மாதத்துக்கும் சேர்த்து 5,000 ரூபாயை நீட்டி, "அக்கா, எம் பக்கத்தக் கொஞ்சம் வாசிச்சிக் காட்டுங்க" என்றார். இவர் வாசித்தார். நான் உள்ளே அடுப்புக்கு மேலே கயிற்றில் சீருடைகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன்.