நத்தத்தில் மேட்ச் இல்லை, துபாயில் அமர்க்களம்! கொரோனா ஆண்டில் கிரிக்கெட் கவுன்சில் போட்ட கணக்கு

சித்தையன்கோட்டை:-

சித்தையன்கோட்டை ஆட்கள் செம்பட்டி வந்து, திண்டுக்கல்லில் பஸ் மாறினால் நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்துக்குப் போய்விடலாம். 2019 ஜூலை 19-ந் தேதி டி.என்.பி.எல். போட்டியின் முதல் ஆட்டம் அங்கேதான் நடந்தது. திண்டுக்கல் டிராகன்சும் சேப்பாக் அணியும் மோதின.

அடுத்த 2 வருடம் அந்த மைதானத்தில் டி.என்.பி.எல். கிடையாது. 2020-ல் போட்டி முழுசாக ரத்து. 2021-ல் எல்லா ஆட்டமும் சென்னை சேப்பாக்கத்திலேயே, ரசிகர்கள் இல்லாமல் முடிந்துவிட்டது.

ஆனால் அதே 2020-ல் ஐ.பி.எல். மட்டும் ஒரு ஆட்டம்கூட குறையாமல் 60 ஆட்டமும் நடந்தது. இது எப்படி? விவரம் வருமாறு:-

தள்ளித் தள்ளி...

2020 மார்ச் 29-ல் தொடங்க வேண்டிய ஐ.பி.எல். முதலில் ஏப்ரல் 15-க்கு தள்ளிப்போனது. பிறகு "காலவரையின்றி" என்றார்கள். ஆட்டம் குளோஸ் என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

ஜூலை 20-ந் தேதி ஒரு கதவு திறந்தது. ஆஸ்திரேலியாவில் நடக்க இருந்த 20 ஓவர் உலகக் கோப்பையை ஐ.சி.சி. ஒத்திவைத்தது. அந்த இடைவெளியில் ஐ.பி.எல். புகுந்துகொண்டது. ஆகஸ்டு 2-ந் தேதி பிரிஜேஷ் பட்டேல் தலைமையில் ஆட்சிமன்றக் குழு கூடியது. செப்டம்பர் 19 முதல் நவம்பர் 10 வரை துபாய், அபுதாபி, சார்ஜாவில் நடத்த முடிவாயிற்று.

சும்மா சொல்லக்கூடாது, வேலை சுறுசுறுப்பாக நடந்தது. அணிக்கு 24 பேர்தான் என்று கட்டுப்பாடு. கொரோனா வந்தவருக்குப் பதில் மாற்று ஆள் சேர்க்க அனுமதி. ஓட்டலும் மைதானமும் தவிர வேறு எங்கும் போகக்கூடாது. பந்தில் எச்சில் தடவத் தடை. 8 மணி ஆட்டம் ஏழரைக்கு வந்தது. காலி நாற்காலிகளுக்கு முன்னால் பதிவு செய்த கைதட்டலைப் போட்டார்கள்!

இடையில் இன்னொரு இடி. எல்லையில் கல்வான் மோதலுக்குப் பிறகு எழுந்த எதிர்ப்பால் சீன கம்பெனியான விவோ அந்த ஆண்டு விலகியது. வருடத்துக்கு சுமார் ரூ.440 கோடி தந்துகொண்டிருந்த கம்பெனி அது. அந்த இடத்தை டிரீம்11 ரூ.222 கோடிக்கு எடுத்தது. பாதி விலைதான். ஆனாலும் கவுன்சில் அசரவில்லை.

காரணம் டி.வி. பணம். 5 வருட ஒளிபரப்புக்கு ஸ்டார் நிறுவனம் ஒப்புக்கொண்ட தொகை ரூ.16 ஆயிரத்து 347 கோடி. இதன் முன்னால் டிக்கெட் வசூல் எல்லாம் சில்லரைக் காசு. கேமரா போகிற இடமெல்லாம் மைதானம்தான். அந்த ஆண்டு ரூ.4 ஆயிரம் கோடி வருமானம் வந்ததாக கிரிக்கெட் வாரியப் பொருளாளர் அருண் துமல் கூறினார். 30 ஆயிரத்துக்கு மேல் பரிசோதனை செய்ததாகவும் சொன்னார்.

மறுவருடம் இந்தியாவிலேயே நடத்திப் பார்த்தார்கள். 29 ஆட்டத்தோடு 2021 மே 4-ந் தேதி நின்றது. மீதி 31 ஆட்டத்துக்கு மறுபடியும் அதே துபாய், அபுதாபி, சார்ஜா!

யாருக்கு நஷ்டம்?

டி.என்.பி.எல். மூலம் தெரியவந்தவர் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன். 2020 ஐ.பி.எல்.லில் 16 விக்கெட் எடுத்தார். அந்த டிசம்பரிலேயே ஆஸ்திரேலியாவில் இந்திய அணிக்கு ஆடிவிட்டார். அவருக்கு துபாய் மேடை கிடைத்தது. அவருக்குப் பின்னால் வரிசையில் நின்ற மாவட்டத்துப் பையன்களுக்கு அந்த ஆண்டு மேடையே இல்லை. மாநிலப் போட்டியை வெளிநாட்டுக்கு தூக்கிக்கொண்டு போக யார் இருக்கிறார்கள்?

ஐ.பி.எல். வாசலைத் தொடாத மாநில வீரர்கள் பாடு இன்னும் மோசம். 2021 ஜனவரி 30-ந் தேதி ரஞ்சி கோப்பைப் போட்டி ரத்து என்று வாரியம் அறிவித்தது. 87 வருடத்தில் இப்படி நடந்தது அதுவே முதல் தடவை. மறுநாளே ஆமதாபாத்தில் தினேஷ் கார்த்திக் தலைமையில் தமிழ்நாடு அணி பரோடாவை வீழ்த்தி சையத் முஷ்டாக் அலி கோப்பையை வென்றது. கோப்பை சரி, கூலி?

அப்போது ரஞ்சியில் ஒரு நாள் சம்பளம் ரூ.35 ஆயிரம். 4 நாள் ஆட்டம் ஒன்றுக்கு ரூ.1 லட்சத்து 40 ஆயிரம். 8 ஆட்டம் ஆடினால் ரூ.11 லட்சத்து 20 ஆயிரம். 20 ஓவர் ஆட்டத்துக்கோ வெறும் ரூ.17,500. ஆபீஸ் வேலை இல்லாத வீரர் வீட்டில் அந்த வருடம் அடுப்பு எரிந்தது எப்படி என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பாதிப் பணம்

நிவாரண அறிவிப்பு 2021 செப்டம்பர் 20-ந் தேதிதான் வந்தது. ரஞ்சி ரத்தாகி ஏறக்குறைய 8 மாதம் கழித்து! 2019-20-ல் ஆடியவர்களுக்கு ஆட்டச் சம்பளத்தில் கூடுதலாக 50 சதவீதம் என்றார்கள். ஐ.பி.எல்.லுக்கு மாற்று ஸ்பான்சர் பிடிக்க ஆனது ஒரு மாதத்துக்கும் குறைவு. 2020-21-ல் முதல் முறையாக இடம் பிடிக்கக் காத்திருந்த பையன்கள் இந்த நிவாரணக் கணக்கிலும் வரவில்லை.

டி.என்.பி.எல். ஆட்டங்கள் நத்தம் மைதானத்துக்குத் திரும்பியது 2022-ல்.