வெட்கம் மருந்தாகுமா?

முடிச்சூர்ச் சாலையில் மாலை நேரத்தில் நின்று பாருங்கள். வெளிவட்டச் சாலையை நோக்கி லாரிகள் விரைகின்றன. ஆம்னி பேருந்துகள் இரவுப் பயணத்துக்கு ஆயத்தமாகின்றன. கட்டட வேலை முடித்து, ஓர் அறைக்கு ஐந்தாறு பேராகத் தங்கும் தோழர்கள் திரும்பி வருகிறார்கள். மனைவி மக்களை ஊரிலே விட்டு, வயிற்றுப்பாட்டுக்காகப் பெருநகரின் வாயிலுக்கு வந்தவர்கள் இவர்கள்.

இவர்களுடைய கூலி பற்றிப் பேசுகிறோம். வேலை நேரம் பற்றிப் பேசுகிறோம். குடிதண்ணீர் பற்றியும் பேசுகிறோம். ஆனால் பால்வினை நோய் என்ற சொல் எழுந்தால் மட்டும் காதைப் பொத்திக்கொள்கிறோம். நாம் பேசாத இடத்தில் வேறொருவன் பேசுகிறான். அவன் யார்?

மின்சார ரயில் பெட்டியிலும் கழிப்பறைச் சுவரிலும் நோட்டீஸ் ஒட்டுகிறானே, அவன்தான்! மாதத்தில் ஒரு நாள் லாட்ஜ் அறையில் "முகாம்" போடுகிறவன். "நரம்புத் தளர்ச்சி" என்று பயமுறுத்தி, லேகிய டப்பாவைக் கையில் திணித்து, ஒரு மாதக் கூலியைப் பிடுங்கிக்கொள்கிறவன்.

அவனுடைய வித்தையைக் கேளுங்கள். கிரந்தி நோயில் முதலில் தோன்றும் புண் பெரும்பாலும் வலிக்காது. மருந்தே இல்லாவிட்டாலும் சில வாரங்களில் தானே ஆறிவிடும். "வைத்தியர் கைராசிக்காரர்" என்று தொழிலாளி மகிழ்கிறான். நோயோ உள்ளே பதுங்கிக்கொள்கிறது. ஆண்டுகள் பல கழித்து இதயத்தையும் மூளையையும் தாக்குகிறது. ஊரிலிருக்கும் மனைவிக்கும், அவள் வயிற்றிலிருக்கும் குழந்தைக்கும் தொற்றுகிறது. அந்த நோயைத் தீர்ப்பது பென்சிலின் ஊசி. அரசு மருத்துவமனையில் அதற்குக் காசில்லை!

வெகுதூரம் போக வேண்டாம். நம் வாசலிலேயே ஒரு சான்று நிற்கிறது. 1928-இல் காசநோயாளிகளுக்காகத் தோன்றியது தாம்பரம் சானடோரியம். ஹெச்.ஐ.வி. நோயாளி என்றாலே பல இடங்களில் கதவை அடைத்த நாளில், 1993 முதல் அவர்களைச் சேர்த்துப் படுக்கை கொடுத்தது அந்த மருத்துவமனை. 2004-இல் கூட்டு மருந்து இலவசமாக வழங்கப்பட்டபோது, அதைக் கொடுத்த முதல் மருத்துவமனைகளில் அதுவும் ஒன்று. இன்று அந்த மருந்தைத் தவறாமல் உண்டு, இரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்கு அடங்கிவிட்டவரிடமிருந்து உடலுறவின் வழியே நோய் பரவுவதில்லை. மரணத் தீர்ப்பாக இருந்த நோய், நாள்தோறும் மாத்திரை உண்டு வாழக்கூடிய நோயாகிவிட்டது. மருந்து மாறியது, நம் மனம் மாறியதா?

1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும், இந்தியாவில் முதன்முதலாக ஹெச்.ஐ.வி. இருப்பதைக் கண்டறிந்து சொன்னார்கள். பாலியல் தொழிலில் தள்ளப்பட்ட பெண்களின் இரத்தத்தில் அது காணப்பட்டது. உடனே ஊர் அந்தப் பெண்களைத் தூற்றியது. அவர்களுக்கு அதைக் கொடுத்தது யார் என்று கேட்டவர் எத்தனை பேர்? பெண்ணைப் பழிப்பதால் ஆணின் நோய் தீர்ந்துவிடுமா?

"சோதனைக்குப் போனால் வேலை போய்விடுமே" என்கிறார் ஒரு தோழர். அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் 2017-ஆம் ஆண்டின் ஹெச்.ஐ.வி. சட்டம் 2018 முதல் நடைமுறையில் இருக்கிறது. சம்மதமின்றிச் சோதிக்கக் கூடாது. முடிவை வெளியிடக் கூடாது. வேலைக்குச் சேர்க்கச் சோதனையை நிபந்தனையாக்கக் கூடாது. நோயைக் காரணம் காட்டி அநியாயமாக வேலையிலிருந்து விரட்டவும் கூடாது. இது உங்கள் உரிமை.

ஆகவே வெளிப்படையாகவே சொல்கிறோம். ஆணுறை அணியுங்கள், அதிலே கேவலம் எதுவுமில்லை. சிறுநீர் எரிச்சலோ, சீழோ, புண்ணோ கண்டால் அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அறிகுறி இல்லாததால் நோயில்லை என்று எண்ணாதீர்கள். நம்பிக்கை மையத்தில் இலவசமாகச் சோதித்துக்கொள்ளலாம். அஞ்சத்தக்க தொடர்பு நேர்ந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் ஓடுங்கள், ஹெச்.ஐ.வி.யைத் தடுக்கும் மருந்தை அதற்குள் தொடங்க வேண்டும். நோய் கண்டால் துணைவிக்கும் சிகிச்சை தேவை. அவளிடம் மறைப்பது அவளுக்குச் செய்யும் துரோகம். ஐயம் கேட்க 1097 என்ற எண் இருக்கிறது.

கிளைத் தோழர்களுக்கும் ஒரு வேலை உண்டு. முகம் வாடித் தனியே நிற்கும் தொழிலாளியைக் கண்டால் கேலி பேசாதீர்கள். லாட்ஜ் வாசலிலிருந்து அவரைத் திருப்பி, மருத்துவமனை வாசல்வரை கூடவே செல்லுங்கள். புறநோயாளிச் சீட்டு வாங்கும்வரை பக்கத்தில் நில்லுங்கள்.

நோய் வந்தவன் குற்றவாளி அல்லன். அவனை வெட்கப்படுத்தி, ஏமாற்றுக்காரனிடம் துரத்திவிடும் சமுதாயமே வெட்கப்பட வேண்டும்!