டிவி சவுண்ட் யார் காதுக்கு அளவா இருக்கணும்?

1/ சுகர் செக்கப்புக்கு அப்பாவை அழைத்து வந்திருந்தார் ஒரு பெண். பெரியவருக்கு வயது 67. நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அவர் மகள் முகத்தைத்தான் பார்த்தார். மகள் அதையே சத்தமாகத் திருப்பிச் சொன்ன பிறகு பதில் வந்தது.

"ஐயா, காது சரியா கேக்குதுங்களா?"

"அதெல்லாம் நல்லா கேக்குதுங்க டாக்டர்."

மகளும் ஆமோதித்தார். "காதுல பிரச்சனை இல்ல டாக்டர். டிவி சவுண்டு மட்டும்தான் ஜாஸ்தி வைப்பாரு. தெரு முனை வரைக்கும் கேக்கும். வீட்ல தினமும் இதுக்குத்தான் சண்டை."

2/ இந்த ஒரு பதிலிலேயே பாதி டயக்னோசிஸ் இருக்கிறது நண்பர்களே. பெரியவர் 30 வருடம் விசைத்தறி ஓட்டியவர். தறிக் கூடத்துக்குள் போய் நின்றிருந்தால் தெரியும், பக்கத்தில் நிற்பவரிடம் காதில் வாயை வைத்துத்தான் பேச முடியும். அந்த 30 வருடத்துக்கான பில்தான் இப்போது டிவி ரிமோட்டில் வருகிறது.

3/ நம் உள்காதில் ஒலியை மூளைக்கு அனுப்பும் வேலையைச் செய்பவை முடி செல்கள். ஒரு காதுக்குச் சுமார் 15 ஆயிரம்தான். பிறக்கும்போது என்ன இருக்கிறதோ அவ்வளவுதான் கையிருப்பு. கோழிக்கு இந்தச் செல்கள் அழிந்தால் மறுபடி முளைக்கும். மனிதனுக்கு முளைக்காது. மாத்திரை, டானிக் எதுவும் அதைத் திரும்பக் கொண்டு வராது.

4/ சத்தத்தால் முதலில் அடிபடுவது 4000 ஹெர்ட்ஸ் பக்கம் உள்ள உயர் ஒலிகள். பேச்சில் ச, ஸ, த, ப போன்ற மெய்யொலிகளைப் பிரித்தறிய உயர் ஒலிகள் தேவை. அதனால்தான் இவர்கள் "சத்தம் கேக்குது, என்ன பேசுறாங்கன்னுதான் புரியல" என்பார்கள். புரியாததால் வால்யூமை ஏற்றுகிறார்கள். வீம்புக்கு இல்லை.

5/ சரி, அவருக்குக் காது போனது போய்விட்டது, வைத்துவிட்டுப் போகட்டுமே என்று விட முடியுமா? முடியாது. அதே ஹாலில் 4 வயதுப் பேத்தி இருக்கிறாள். டிவிக்குக் கீழே உள்ள சவுண்ட்பாருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துதான் விளையாடுவாளாம். மகளின் ஃபோனில் இலவச சவுண்ட் மீட்டர் ஆப் ஒன்றைப் போட்டு, அளந்து சொல்லச் சொன்னேன். தாத்தாவின் நாற்காலியில் 80 டெசிபல். குழந்தை உட்காரும் இடத்தில் 87.

6/ உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு இது: பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். குழந்தைகளுக்கு 75 டெசிபலில் 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். ஹெட்ஃபோன் போன்ற கருவிகளுக்காக வகுத்த அளவுதான். ஆனால் சத்தம் எந்தப் பெட்டியிலிருந்து வந்தது என்று காதுக்குத் தெரியாது.

குழந்தைக்குக் கணக்குப் போடுவோம். 78 என்றால் 20 மணி, 81 என்றால் 10, 84 என்றால் 5, 87 என்றால் இரண்டரை மணி. ஒரு நாளைக்கு இல்லை, ஒரு வாரத்துக்கு! அந்தக் குழந்தை இரண்டு நாளில் இதைத் தாண்டிவிடுகிறாள்.

7/ "நாங்க 20லதான் டாக்டர் வைப்போம்" என்பவர்களுக்கு: ரிமோட்டில் தெரியும் எண் டெசிபல் இல்லை. ஒரு டிவியின் 20 இன்னொரு டிவியின் 40 ஆக இருக்கலாம். 3 டெசிபல் கூடினால் நம் காதுக்குப் பெரிய வித்தியாசமே தெரியாது. ஆனால் காதுக்குள் போகும் ஒலி ஆற்றல் இரண்டு மடங்கு. இங்கேதான் ஏமாந்து போகிறோம்.

8/ "எங்க காலத்துல திருவிழா மைக் செட்டுக்குக் கீழயே படுத்துத் தூங்கினோம், என்ன ஆச்சு?" என்று சிலர் கமெண்டில் வருவார்கள். ஐயா, நீங்கள் இப்போது டிவியை எத்தனையில் வைத்துக் கேட்கிறீர்கள் என்று வீட்டில் உள்ளவர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள். காது சத்தத்துக்குப் பழகுவதில்லை. கேட்பது குறைகிறது, அதைப் பழகிவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

9/ என் கருத்து இதுதான். ரிமோட்டுக்காக வீட்டில் நடக்கும் சண்டை ஒரு நோய் அறிகுறி. பெரியவரைத் திட்டித் தீராது. பெரிய ஸ்பீக்கர் வாங்கிக் கொடுத்தும் தீராது. ஹாலில் வால்யூம் அங்கே இருப்பதிலேயே சின்னக் காதுக்கு அளவாக இருக்கட்டும். கேட்காதவருக்கு வேண்டியதைத் தனியாகச் செய்வோம்.

10/ என்ன செய்யலாம்?

• டிவி ஓடும்போது ஒரு கை தூரத்தில் இருப்பவரிடம் சாதாரணக் குரலில் பேசிப் பாருங்கள். குரலை உயர்த்த வேண்டியிருந்தால் வால்யூம் அதிகம்.
• ஃபோன் ஆப் துல்லியம் இல்லை, ஆனால் தோராயமாகச் சொல்லும். குழந்தை உட்காரும் இடத்தில் அளங்கள்.
• குழந்தையை ஸ்பீக்கரிலிருந்து தள்ளி உட்கார வையுங்கள். தூரமே பாதி மருந்து.
• வசனம் கேட்கவில்லை என்று வால்யூமை ஏற்றி வைப்போம், அடுத்த நிமிடம் சண்டைக் காட்சி வந்து அலறும். பல டிவி, சவுண்ட்பார்களில் நைட் மோட், வசனத்தை மட்டும் தெளிவாக்கும் மோட் இருக்கிறது. போட்டுப் பாருங்கள்.
• பெரியவர்களுக்கு முதலில் காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டுங்கள். ஹேர்பின், எண்ணெய் வேண்டாம். பிறகு ஆடியோமெட்ரி டெஸ்ட். வலியே கிடையாது.

11/ நம் பெரியவருக்கு ஆடியோமெட்ரியில் இரண்டு காதிலும் குறைபாடு உறுதியானது. மெஷின் வைக்க முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "கெழவன்னு நெனைப்பாங்களேங்க" என்றார். "கண்ணாடி போட்டிருக்கீங்களே ஐயா, அதுக்கு யாராச்சும் அப்படிச் சொன்னாங்களா?" என்றேன். பதில் சொல்லவில்லை, ஆனால் டிரையல் பார்க்கச் சம்மதித்தார். கவனிக்காமல் விட்ட காது கேளாமை மறதி நோய்க்கான, நம்மால் தவிர்க்கக்கூடிய காரணிகளில் ஒன்று. ஆகவே இது வெறும் டிவி விஷயம் இல்லை.

12/ ஒரு எச்சரிக்கை. திடீரென ஒரு காது மட்டும் கேட்காமல் போனால் "சளியா இருக்கும்" என்று காத்திருக்காதீர்கள். அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். சீக்கிரம் சிகிச்சை தொடங்கினால் கேட்கும் திறனை மீட்க வாய்ப்பு அதிகம்.

13/ இன்று இரவு சீரியல் ஓடும்போது ஒரு தடவை அளந்து பாருங்கள். எவ்வளவு வந்தது என்று கமெண்டில் சொல்லுங்கள். வீட்டில் யாராவது ஒரே கேள்வியை மூன்று முறை கேட்டால் எரிச்சல்படாமல், கொஞ்சம் கிட்டே போய், முகம் பார்த்துச் சொல்லுங்கள்.